சிறுவர் பேஸ்பால்: எந்த லீக், எந்த மட்டம்? அமெரிக்காவில் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலுக்குத் தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. லிட்டில் லீக், போனி, கேல் ரிப்கன், ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணிகள் என்று பல கூடாரங்கள் அருகருகே இயங்குகின்றன. வயதைக் கணக்கிடும் முறை, மைதான அளவு, மட்டை விதி என எதிலும் இவை முழுமையாக ஒத்துப்போவதில்லை. மட்டங்களின் பெயர்களும் அப்படித்தான். உள்ளூர் லிட்டில் லீக் ஒன்றில் 'ட்ரிபிள் ஏ' என்றால் மேஜர்ஸ் என்ற மேல் பிரிவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் சிறுவர்கள். டிராவல் போட்டிகளில் அதே 'ட்ரிபிள் ஏ' என்றால் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்து, வலுவான அணிகளோடு மோதும் குழு. ஆகவே ஒரு மட்டத்தின் பெயர் காதில் விழுந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி: அந்தப் பெயரை யார் வைத்தது?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, இப்போது நியூ ஜெர்சியிலோ டெக்சாசிலோ பிள்ளையை பேஸ்பாலில் சேர்க்க நினைக்கும் தமிழ்ப் பெற்றோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விளையாட்டு ஓரளவு தெரிந்துவிடும். இந்த அமைப்புதான் தலைசுற்ற வைக்கும்.

படி 1: பிள்ளையின் 'லீக் வயது' என்ன?

பிறந்தநாள் கொண்டாடிய வயது இங்கே செல்லாது. லிட்டில் லீக்கில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று பிள்ளைக்கு எத்தனை வயதோ அதுவே லீக் வயது. டிராவல் பேஸ்பாலில் பெரிய அமைப்பான யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. ஏப்ரல் 30-ஐ எல்லையாக வைத்திருக்கிறது.

2014 ஆகஸ்ட் 20 அன்று பிறந்த ஒரு சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 வசந்த காலப் பருவத்தில் லிட்டில் லீக் அவனைப் பன்னிரண்டு வயதுக்காரனாகக் கணக்கிடும். டிராவல் அணியில் அவன் பதினோரு வயதுப் பிரிவில் ஆடலாம். ஆக, சனிக்கிழமை பள்ளித் தோழர்களிடையே வயதில் இளையவனாக நிற்கும் அதே சிறுவன், ஞாயிற்றுக்கிழமை தன் அணியில் மூத்தவர்களில் ஒருவனாக இருப்பான். ஒரு பிள்ளை 'திடீரென்று நன்றாக ஆடுகிறான்' என்றோ 'பின்தங்கிவிட்டான்' என்றோ பேச்சு எழும்போது, முதலில் இந்தத் தேதிகளைப் பாருங்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம்.

படி 2: உங்கள் ஊரில் இருப்பது எந்த அமைப்பு?

லிட்டில் லீக்கை 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் ஒரு மரக்கடை ஆதரித்த அணி, ஒரு பால் நிறுவனம் ஆதரித்த அணியை 23–8 என்று வென்றது. இன்றும் உள்ளூர் லீக் சட்டைகளில் பல் மருத்துவர் பெயரும் பீட்சா கடைப் பெயரும் இருப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். ஒவ்வொரு லிட்டில் லீக்குக்கும் எல்லை வகுத்த வரைபடம் உண்டு. வீட்டு முகவரியோ பள்ளியின் முகவரியோ அந்த எல்லைக்குள் இருந்தால் சேரலாம். பக்கத்து ஊர் லீக் நன்றாக இருக்கிறது என்பதற்காக அங்கே போய்ச் சேர முடியாது.

போனி 1951-இல், அதே பென்சில்வேனியாவின் வாஷிங்டன் என்ற ஊரில் தொடங்கியது. அதன் பிரிவுகளுக்கெல்லாம் குதிரை தொடர்பான பெயர்கள்: ஷெட்லேண்ட், பின்டோ, மஸ்டாங், பிராங்கோ, போனி, கோல்ட், பாலமினோ. ஏறத்தாழ இரண்டு வயதுக்கு ஒரு பிரிவு என்று வைத்துக்கொண்டால் வரிசை எளிதில் பிடிபடும். பின்டோ எட்டு வயது வரை, மஸ்டாங் பத்து வரை, பிராங்கோ பன்னிரண்டு வரை, போனி பதினான்கு வரை.

கேல் ரிப்கன் என்பது பேப் ரூத் லீக் என்ற இன்னொரு சிறுவர் அமைப்பின் பன்னிரண்டு வயது வரையிலான பிரிவு. 1999 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது.

மூன்றில் எது சிறந்தது என்று வாதாட வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் அந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்காது. வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் உங்கள் லீக். இரண்டு இருந்தால் மட்டும் மைதான அளவைப் பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் லிட்டில் லீக் மேஜர்ஸ் பிரிவில் பேஸ்களுக்கு இடையே 60 அடி, பந்து வீசும் பிட்சரிடமிருந்து பேட்டருக்கு 46 அடி. போனியின் பிராங்கோ பிரிவில் 70 அடியும் 50 அடியும். தூரத்தைவிட ஆட்டமுறையில்தான் வேறுபாடு அதிகம். லிட்டில் லீக் மேஜர்ஸில், வீசிய பந்து பேட்டரை எட்டும் வரை ஓடுபவர் பேஸை விட்டு நகரக்கூடாது. பிராங்கோவில் முன்கூட்டியே சில அடிகள் விலகி நிற்கலாம். அப்படியானால் பிட்சர் அவரைப் பேஸிலேயே பிடித்து வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கை வலுவாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதி மாறினாலே ஆட்டம் வேறு ஆட்டமாகிவிடுகிறது.

படி 3: உள்ளூர் லீக்கின் ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள்

லிட்டில் லீக்கை உதாரணமாக வைக்கிறேன். மற்றவையும் ஏறத்தாழ இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

முதல் படி டீ-பால், நான்கு முதல் ஏழு வயது வரை. ஒரு கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். ஸ்கோர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, பாதிப் பிள்ளைகள் புல் பறித்துக்கொண்டிருப்பார்கள். அதில் தவறேதும் இல்லை.

அடுத்தது பயிற்சியாளரோ இயந்திரமோ பந்து வீசும் பிரிவு. பல ஊர்களில் இதைத்தான் 'சிங்கிள் ஏ' என்பார்கள். அதன்பின் பிள்ளைகளே வீசும் மைனர்ஸ். ஆட்கள் அதிகமுள்ள லீக்குகள் இதை டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று பிரிக்கின்றன. இந்தப் பிரிவினை உள்ளூர் நிர்வாகக் குழு செய்வது. அடுத்த ஊரின் டபுள் ஏ உங்கள் ஊரின் டபுள் ஏ-க்குச் சமம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பிள்ளைகள் முதன்முதலாக பிட்ச் செய்யும் இந்த ஆண்டுதான் எல்லாரையும் சோதிக்கும். பந்து எங்கே போகும் என்று வீசுபவனுக்கே தெரியாது. பேட்டர்கள் ஒருவர்பின் ஒருவராக 'வாக்' (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்கிக்கொண்டு முதல் பேஸுக்கு நடப்பார்கள், ஒரு இன்னிங்ஸ் நாற்பது நிமிடம் நீளும். இதற்காகவே மைனர்ஸில் ஒரு பாதி இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்தவுடன் மட்டை எதிரணிக்குப் போக வேண்டும் என்ற விதி இருக்கிறது. பந்து மேலே பட்டு பயந்துபோய் ஆட்டத்தை விடும் பிள்ளைகள் அதிகமாக விடுவது இந்தக் கட்டத்தில்தான் என்பது ஸ்கோர் புத்தகம் எழுதும் எனக்குத் தெரிந்த அனுபவம். திறமையான எட்டு வயதுப் பிள்ளையை ஒரு படி மேலே தள்ளும் ஆசை இங்கேதான் பெற்றோருக்கு வரும். அவசரப்படாதீர்கள் என்பதே என் கருத்து. மேலே போய் வாரம் இரண்டு முறை மட்டை பிடிப்பதைவிட, இருக்கும் இடத்தில் ஐந்தாறு முறை பிடிப்பது நல்லது.

அடுத்து மேஜர்ஸ். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை தகுதி இருந்தாலும், நடைமுறையில் பதினொன்றும் பன்னிரண்டும்தான் அதிகம். ஆட்டம் ஆறு இன்னிங்ஸ். மைனர்ஸில் இல்லாத ஒரு விதி இங்கே சேர்கிறது: பேட்டரை அவுட்டாக்க வேண்டிய மூன்றாவது ஸ்ட்ரைக் பந்தை கேட்சர் பிடிக்காமல் தவறவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். வேகத்தையும் கவனியுங்கள். 46 அடி தூரத்திலிருந்து மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் பந்து, பெரியவர்களின் 60 அடி 6 அங்குலத் தூரத்தில் 92 மைல் பந்துக்குச் சமமான அவகாசத்தைத்தான் பேட்டருக்குத் தருகிறது. சாதாரண ஊர் லீக்கில் அப்படி வீசுபவர் அபூர்வம். ஆனால் பன்னிரண்டு வயதில் மீசை அரும்பிய ஒருவன் எதிரணியில் இருந்தால், ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் நடுங்குகிறான் என்பது இப்போது விளங்கும்.

பன்னிரண்டுக்குப் பிறகுதான் பெரிய பள்ளம். முழு அளவு மைதானத்தில் பேஸ் தூரம் 90 அடி. 60 அடிச் சதுரத்தின் பரப்பு 3,600 சதுர அடி, 90 அடிச் சதுரத்தினுடையது 8,100. இரண்டே கால் மடங்கு. நேற்றுவரை இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நட்சத்திரமாக இருந்தவன் வீசும் பந்து இன்று முதல் பேஸுக்கு முன்பே தரையில் குதிக்கும். இந்த அதிர்ச்சியைக் குறைக்கத்தான் 50 அடி, 70 அடி அளவில் 'இன்டர்மீடியட்' என்ற இடைப் பிரிவை லிட்டில் லீக் கொண்டுவந்தது. பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயது வரை ஆடலாம். உங்கள் ஊரில் இந்தப் பிரிவு இருந்தால் தவறவிடாதீர்கள். ஜூனியர், சீனியர் பிரிவுகள் முழு மைதானத்தில் நடக்கும். அந்த வயதில் பல பிள்ளைகள் உயர்நிலைப்பள்ளி அணிகளை நோக்கித் திரும்பிவிடுவதால் இவற்றில் கூட்டம் குறைவு.

உடல் அல்லது அறிவு வளர்ச்சிச் சவால்கள் உள்ள பிள்ளைகளுக்கு 1989 முதல் சேலஞ்சர் பிரிவு இருக்கிறது. பெண் பிள்ளைகளும் பேஸ்பாலிலேயே ஆடலாம். 1972-இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி வீசிய சில ஆட்டங்களிலிருந்து எழுந்த வழக்கின் பின் 1974-இல் லிட்டில் லீக் கதவைத் திறந்தது. பெண் பிள்ளைகள் வழக்கமாக ஆடும் சாஃப்ட்பாலுக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியதில்லை.

படி 4: டிரைஅவுட், டிராஃப்ட்

மேஜர்ஸ் பிரிவிலும் பெரும்பாலான மைனர்ஸ் பிரிவுகளிலும் பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை தேர்வு நடக்கும். சட்டையில் எண் ஒட்டி, சில பந்துகளைப் பிடிக்க, வீச, அடிக்கச் சொல்வார்கள். அணி மேலாளர்கள் மதிப்பெண் போட்டு, பிறகு முறைவைத்து ஆளுக்கொரு பிள்ளையாகத் தேர்ந்தெடுப்பார்கள். இது பிள்ளைகளை வெளியேற்றும் தேர்வு அல்ல, அணிகளைச் சமன்செய்யும் ஏற்பாடு. உள்ளூர் லீக்கின் உயிரே இந்தச் சமநிலைதான்.

மேலாளர்கள் எல்லாரும் சம்பளமில்லாத பெற்றோர்கள். தம் பிள்ளையைத் தம் அணியிலேயே வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பயிற்சியாளரின் மகனே எப்போதும் பிட்சர், அவரது நண்பர் மகனே எப்போதும் ஷார்ட்ஸ்டாப் என்ற நிலைக்கு 'டாடி பால்' என்று ஒரு செல்லப்பெயரே உண்டு. புலம்புவதைவிட, உதவிப் பயிற்சியாளராக நீங்களே பெயர் கொடுத்துவிடுவது நல்ல வழி. பந்து பொறுக்கித் தரவும் முதல் பேஸ் ஓரம் நிற்கவும் ஆள் கிடைக்காமல்தான் எல்லா லீக்கும் திண்டாடுகிறது.

ஒரு பாதுகாப்பு உண்டு: லிட்டில் லீக் வழக்கமான பருவ ஆட்டத்தில் வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறையாவது மட்டையும், ஆறு அவுட் வரை களத்தில் இடமும் தந்தாக வேண்டும்.

படி 5: ஆல்-ஸ்டார் என்பது தனி உலகம்

ஜூன் மாதத்தில் வழக்கமான பருவம் முடிந்ததும், ஒவ்வொரு லீக்கும் தன் சிறந்த வீரர்களைக் கொண்டு வயதுவாரியாக அணி அமைக்கும். மாவட்டம், மாநிலம், வட்டாரம் என்று வென்றுகொண்டே போனால், பன்னிரண்டு வயதுப் பிரிவுக்கு ஆகஸ்டில் வில்லியம்ஸ்போர்ட் உலகத் தொடர். 1947 முதல் நடக்கும் இந்தத் தொடரில் 2022 முதல் இருபது அணிகள். 2024-இல் புளோரிடாவின் லேக் மேரி அணி தைவானை 2–1 என்று வென்றது. அடுத்த ஆண்டே தைவான் கோப்பையைத் தூக்கியது. தொலைக்காட்சியில் தெரிவது இந்த உச்சிதான். பெரும்பாலான ஆல்-ஸ்டார் அணிகள் மாவட்டச் சுற்றில் இரண்டு தோல்வியோடு ஜூலைத் தொடக்கத்தில் வீடு திரும்புகின்றன.

தேர்வில் திறமையோடு உள்ளூர் அரசியலும் கலந்திருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். பிள்ளை தேர்வானால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டைப் பற்றி முன்பே யோசித்துவிடுங்கள். ஜூன் பாதியிலிருந்து தினசரிப் பயிற்சி. 'பாட்டியைப் பார்க்கப் போகிறோம், இரண்டு வாரத்தில் வந்துவிடுவோம்' என்பது அங்கே எடுபடாது.

படி 6: டிராவல் பால், எழுத்துகளைப் படிக்கும் முறை

டிராவல், செலெக்ட், கிளப் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அடிப்படை ஒன்றுதான். எல்லைக் கட்டுப்பாடு இல்லை, சமநிலை ஏற்பாடு இல்லை, தேர்வில் பிள்ளைகளை நிராகரிக்கலாம். யார் வேண்டுமானாலும் அணி தொடங்கலாம் என்பதை மறக்காதீர்கள். பளபளக்கும் சீருடையும் கழுகுப் படமும் தரத்துக்குச் சான்று அல்ல.

யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. போட்டிகளில் கீழிருந்து மேலாக ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ, மேஜர் என்ற வரிசை. அணி தன் மட்டத்தைத் தானே சொல்லிப் பதிவு செய்யும். வென்றுகொண்டே இருந்தால் மாநிலப் பொறுப்பாளர் மேலே ஏற்றுவார். இதில் ஒரு சூது உண்டு. கோப்பைக்காகவே தகுதிக்குக் கீழான மட்டத்தில் பதிந்து ஆடும் அணிகள் எல்லா மாநிலத்திலும் இருக்கின்றன. தரவரிசைப் புள்ளிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். போட்டிக்குப் போட்டி புள்ளி சேர்வதால், வாரம் தவறாமல் ஆடும் நடுத்தர அணி, குறைவாக ஆடும் நல்ல அணியைவிட மேலே தெரியலாம்.

ஒரு அணியின் உண்மையான தரத்தை அறிய இணையத்தில் அதன் சென்ற பருவ ஸ்கோர்களைப் பாருங்கள். பன்னிரண்டு ரன் வித்தியாசத்தில் வென்ற ஆட்டங்களாகவே இருந்தால் அது கீழே ஒளிந்திருக்கும் அணி. தோற்ற ஆட்டங்கள் எல்லாம் அதே அளவு வித்தியாசத்தில் இருந்தால் யாரோ ஒரு தகப்பன் அகலக்கால் வைத்திருக்கிறார். இரண்டு மூன்று ரன் வித்தியாச ஆட்டங்கள் அதிகம் இருந்தால் அணி சரியான மட்டத்தில் இருக்கிறது.

செலவு பற்றி: உள்ளூர் லீக் கட்டணம் சில நூறு டாலரில் முடியும். டிராவல் அணி எளிதாக ஆயிரங்களுக்குப் போகும். அதற்கு மேல் ஓட்டல், நுழைவுக் கட்டணம், பெட்ரோல். சில போட்டிகளில் ஏற்பாட்டாளர் சொல்லும் ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு ஆட்டம், மாலை மூன்றுக்கு இன்னொன்று, ஞாயிறு வென்றால் தொடரும், தோற்றால் வீடு. குடும்பத்தின் வார இறுதி முழுவதும் இதற்கே. தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 7: மட்டை வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள்

முந்நூறு டாலர் மட்டையை வாங்கிவிட்டு ஆட முடியாமல் நிற்கும் காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது. லிட்டில் லீக்கில் 2018 ஜனவரி 1 முதல் 'யு.எஸ்.ஏ. பேஸ்பால்' முத்திரை உள்ள மட்டைதான் செல்லும். டிராவலில் பலரும் பயன்படுத்துவது யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. முத்திரையில் 1.15 என்று போட்ட, பந்தை வேகமாகத் தள்ளும் மட்டை. அது லிட்டில் லீக்கில் செல்லாது. உயர்நிலைப்பள்ளியில் பிபிகோர் முத்திரை கட்டாயம். அங்குலத்தில் நீளத்துக்கும் அவுன்ஸில் எடைக்கும் உள்ள வித்தியாசம் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. சிறுவர்கள் 30 அங்குலம், 20 அவுன்ஸ் என்று பத்து வித்தியாசத்தில் பழகியிருப்பார்கள். லிட்டில் லீக், டிராவல் இரண்டிலும் ஆடும் பிள்ளைக்கு ஒரே மட்டை வேண்டுமென்றால் யு.எஸ்.ஏ. முத்திரையே பாதுகாப்பு. டிராவலிலும் அதை அனுமதிப்பார்கள்.

படி 8: கைக்கு நீங்கள்தான் கணக்கர்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

லிட்டில் லீக்கில் ஒரு நாளில் வீசக்கூடிய பந்துகளுக்கு வயதுவாரி வரம்பு உண்டு. 7–8 வயதுக்கு 50, 9–10 வயதுக்கு 75, 11–12 வயதுக்கு 85, 13–16 வயதுக்கு 95. ஓய்வு நாட்களும் விதியில் இருக்கின்றன. பதினான்கு வயது வரை, 20 பந்து வரை ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், அதற்கு மேல் நான்கு நாள். 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவன் அன்றைக்கு கேட்சராக உட்காரக்கூடாது, ஏனெனில் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான்.

பல டிராவல் போட்டிகளில் பந்துகளை எண்ணுவதில்லை, இன்னிங்ஸைத்தான் எண்ணுகிறார்கள். பத்துப் பந்தில் முடிந்த இன்னிங்ஸும் முப்பத்தைந்து பந்து இழுத்த இன்னிங்ஸும் அங்கே ஒன்றுதான். இதைவிட மோசம், செவ்வாய் உள்ளூர் லீக்கில் 60 பந்து வீசியவன் சனிக்கிழமை டிராவல் அணியில் எத்தனை வீசினான் என்பதை எந்த அமைப்பும் கூட்டிப் பார்ப்பதில்லை. இரு பயிற்சியாளர்களுக்கும் பிள்ளை 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்றுதான் சொல்வான்.

ஒன்பதிலிருந்து பதினான்கு வயது வரையிலான 481 பிட்சர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று தெரிந்தது. தொழில்முறை வீரர்களின் மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' பரிந்துரை, 9–12 வயதினர் பன்னிரண்டு மாதத்தில் 80 இன்னிங்ஸைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் பந்து வீசாமல் இருக்க வேண்டும் என்றும், அதில் இரண்டு மூன்று மாதம் இடைவெளியின்றி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, அணி, பந்து எண்ணிக்கை, அடுத்து வீசக்கூடிய நாள் என நான்கு பத்தி. பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் அந்த நோட்டைக் காட்டத் தயங்காதீர்கள். முழங்கையிலோ தோளிலோ வலி என்று பிள்ளை சொன்னால் அன்றோடு வீச்சு நிற்க வேண்டும். இறுதிப் போட்டியானாலும் சரி.

படி 9: மட்டம் மாற்றுமுன் நேரடியாகக் கேளுங்கள்

டிராவல் அணிகளின் தேர்வு பெரும்பாலும் ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் நடக்கும். இடம் கிடைத்தால் ஓரிரு நாளில் முடிவு சொல்லச் சொல்வார்கள். அதற்கு முன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அணியில் எத்தனை பேர்? பதினொன்று என்றால் நல்லது, பதினான்கு என்றால் யாராவது பெஞ்சில் கிடப்பார்கள். எல்லாரும் மட்டை பிடிப்பார்களா, ஒன்பது பேர் மட்டுமா? சென்ற ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள்? ஞாயிற்றுக்கிழமை முக்கிய ஆட்டத்துக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவீர்களா? உள்ளூர் லீக்கிலும் ஆட அனுமதிப்பீர்களா? பணம் பாதியில் திரும்பக் கிடைக்குமா?

பதிலைவிட, பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள். 'உங்கள் மகனை எந்த இடத்தில் ஆடவைப்போம்' என்று தெளிவாகச் சொல்பவர் ஒருவகை. 'எங்கள் அணியிலிருந்து போனவர்கள் இன்று கல்லூரியில் ஆடுகிறார்கள்' என்று ஒன்பது வயதுப் பிள்ளையின் பெற்றோரிடம் பேச்சை ஆரம்பிப்பவர் இன்னொருவகை. இரண்டாமவரிடம் காசோலையைக் கொடுக்குமுன் அந்த அணியின் ஒரு ஆட்டத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். பிழை செய்துவிட்டுத் திரும்பும் பிள்ளையிடம் பயிற்சியாளர் என்ன பேசுகிறார் என்பது காதில் விழும் தூரத்தில் நிற்க வேண்டும்.